பெரிய ஆய்வகம் இல்லாமல் சிறுநீரக ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். கடைசி ஆண்டு படிக்கிறேன். உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் இரண்டிலும் ஆர்வம் உண்டு. நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்வது நம் ஊரில் நடக்கிற காரியமா? அல்லது வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: நடக்கிற காரியம்தான். சென்னையிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. நான் சிறு நகரத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன். அவருடைய மாணவன் அல்ல, அவரோடு பழகியதும் இல்லை. அவர் எழுதியவற்றைப் படித்தவன் என்ற உரிமையில்தான் சொல்கிறேன்.

அவர் பெயரைச் சொன்னால் முந்தைய தலைமுறைக்கு ஜெயப்பிரகாஷ் நாராயணன் நினைவுக்கு வருவார். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையில் இருந்த ஜே.பி.யின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1975 நவம்பரில் வெளியே வந்தவர் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1979 அக்டோபரில் இறக்கும்வரை, இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸில்தான் வாழ்ந்தார். ஜஸ்லோக்கில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் மணி. பின்னர் சென்னை அப்போலோவுக்கு வந்தார். 1991இல் பத்ம பூஷண் கிடைத்தது. இதுவரை கேட்டால் ஒரு வெற்றிகரமான நகரத்து நிபுணரின் கதை. இங்கேயே நின்றிருந்தால் உங்களுக்கு அவரை நான் எடுத்துக்காட்டியிருக்க மாட்டேன்.

டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம், ஆயுள் முழுக்க. காப்பீட்டுத் திட்டங்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் நிலத்தை விற்று, நகையை விற்று, சில மாதங்கள் ஓட்டிவிட்டுப் பிறகு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம் என்றாலும் சிறுநீரகம் தருவதற்கு ஒருவர் வேண்டும், அதன்பின் நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கு மாதாமாதம் பணம் வேண்டும். இந்தத் துறையில் வேலை செய்யும் எவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். மணி அதிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் கேள்வியை எடுத்தார்: இந்த நிலைக்கு வராமல் தடுக்க ஒரு கிராமத்தில் ஆளுக்கு எவ்வளவு செலவாகும்?

சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் தனித்தனி நோயாகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உடம்புக்குள் அவை ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகள் தழும்பேறுகின்றன. மிஞ்சிய முடிச்சுகள் கூடுதல் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு அவையும் தேய்கின்றன. வேலை செய்யும் பகுதி குறைந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இந்தச் சுழலை ஆரம்பத்தில் மாத்திரையால் அறுக்கலாம். சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிறுநீரில் நுரை வந்தாலும் கவனிக்க மாட்டார். கால் வீங்கி, சோறு பிடிக்காமல் வரும்போது ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் எட்டோ பத்தோ என்று ஏறியிருக்கும். ஆகவே நோயாளி நம்மிடம் வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. நாம்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

மணியின் ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ அதைத்தான் செய்தது. சென்னைக்கு வெளியே சுமார் 25,000 பேர் வசிக்கும் கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும் சிறுநீர் சோதிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். சோதனைக்கு விலை அதிகமான பட்டைகளைக்கூட வாங்கவில்லை. சிறுநீரகம் பழுதாகும்போது ஒழுகும் புரதம் இருக்கிறதா என்று பார்க்க சல்ஃபோசாலிசிலிக் அமிலம்: சிறுநீரில் சில சொட்டு விட்டால் கலங்கும். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல்: நீலம், சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கைக்கு வரும் வித்தை! கோளாறு தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்து மருந்து கொடுப்பார், அந்தப் பெண்களே தொடர்ந்து கண்காணிப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் மருந்துகளைத் தேர்ந்தெடுத்த விதம். ரத்த அழுத்தத்துக்கு ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின். நீரிழிவுக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். இன்று ரத்த அழுத்தத்துக்கு ரிசர்பின் எழுதினால் மருந்துக்கடைக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். ஆனால் இது விலை மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அல்ல. உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறையும் என்று முதன்முதலில் உறுதியாக நிறுவிய அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு 1967இல் வெளிவந்தது. எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமை தாங்கினார். 143 ஆண்கள், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு, மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே. அதில் கொடுத்த மருந்துகள் இதே மூன்றுதான். ரிசர்பினின் பூர்வீகமோ நம் சர்ப்பகந்தா வேர். அந்த வேரை ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 1949இல் பிரிட்டிஷ் இதழில் எழுதி உலகத்தின் கவனத்தைத் திருப்பியவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். பழைய மருந்து என்று ஒதுக்கப்பட்ட ஒன்றின் பின்னால் இத்தனை சான்று இருக்கிறது. அதைத் தேடிப் படித்து, விலையோடு சேர்த்து எடைபோடுவதும் ஆராய்ச்சியாளனின் வேலைதான்.

பலன்? உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் 96 சதவீதத்தினருக்கு 140/90க்குக் கீழே வந்தது. வசதியான நகரங்களின் மருத்துவமனைகளிலேயே இந்த எண்ணைப் பார்ப்பது அரிது. நீரிழிவில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அது கடினமான நோய். மொத்தச் செலவை மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு அரை டாலர்கூட வரவில்லை. 2003இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழின் சிறப்பிணைப்பில் இது வெளியானது. பிறகு, திட்டம் நடந்த கிராமங்களில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் பக்கத்துப் பகுதியைவிடக் குறைவாக இருப்பதாகவும் எழுதினார்.

இந்தக் கடைசி முடிவை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன். குலுக்கல் முறையில் கிராமங்களைப் பிரித்துச் செய்த சோதனை அல்ல இது. இரண்டு பகுதிகளுக்கும் இடையே வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம். கிளிபென்கிளமைடு பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. சிறுநீரகம் பழுதான வயதானவர்களுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். இன்று யாராவது இதே திட்டத்தைத் தொடங்கினால் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், லோசார்டன், எனலாப்ரில் எல்லாம் மலிவாகவே கிடைக்கின்றன. புரதம் ஒழுகுபவருக்குப் பின்னிரண்டில் ஒன்றைக் கொடுத்தால் அழுத்தத்தைக் குறைப்பதற்கு மேலும் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு உண்டு. மருந்துப் பட்டியலை மாற்றலாம். அமைப்பை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் பெண் தன்னார்வலர்கள்தான் வீட்டு வாசலுக்கு மாத்திரையைக் கொண்டுவருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா’ இதழில் மணி ‘சென்னையிலிருந்து கடிதம்’ என்ற பகுதியை எழுதினார். மருத்துவத் தொழிலின் குறைகளைச் சொந்தத் தொழில் ஆயிற்றே என்று மூடிமறைக்காத எழுத்து. உங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்கள் இருந்தால் தேடிப் பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எம்.டி. பொது மருத்துவம் மூன்று ஆண்டுகள், அதற்குமேல் டி.எம். நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவம்) மூன்று ஆண்டுகள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி மருத்துவராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள் அல்லவா? அங்கே ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருபவர்களில் எத்தனை பேருக்குக் கடந்த ஓராண்டில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் புரட்டி எண்ணுங்கள். என் பகுதியில் நான் பார்த்தவரை மாத்திரை ஒழுங்காகப் போகிறது, சோதனைதான் விட்டுப்போகிறது. எத்தனை பேர் ‘மாத்திரை பழகிவிடும்’ என்று பாதியில் நிறுத்தினார்கள், எத்தனை பேர் மூட்டுவலிக்குக் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்கலாம். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே சமூக மருத்துவத் துறைப் பேராசிரியரிடம் போய், கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கிவிடுங்கள். பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்த நல்ல இதழும் உங்கள் கட்டுரையை ஏற்காது.