வழக்கும் மலையும்: ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

நான் உரிமையியல் (சிவில்) வழக்குகள் நடத்துபவள். விடுமுறை கிடைத்தால் மலைப்பாதைக்குப் போய்விடுவேன். இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: புது வழக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், மேடம்?

பதில்: நடந்ததை எல்லாம் தேதி வரிசையில் எழுதுவேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே, அதைக் காட்ட என்ன ஆவணம் இருக்கிறது என்று குறிப்பேன். ஆவணம் இல்லாத வரியில்தான் எதிர்த்தரப்பு கை வைக்கும். வழக்குப் போடும் கால வரம்பு நெருங்கிவிட்டதா என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நான் ஜூனியர். குறுக்கு விசாரணையில் என் கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன.

பதில்: ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். “கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கி, பிறகு மறுத்தீர்கள்தானே?” என்று கேட்டால், சாட்சி சொல்லும் “இல்லை” எதற்கு என்று பதிவில் தெரியாது. மூன்றாகப் பிரியுங்கள். “ஏன்” என்று கேட்டால் சாட்சி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வேண்டிய பதில் வந்ததும் உட்கார்ந்துவிடுங்கள்; அதை விளக்க இறுதி வாதம் இருக்கிறது.

கேள்வி: சமரசத்துக்குப் போனால் பலவீனம் என்று நினைக்க மாட்டார்களா?

பதில்: நினைத்தால் நினைக்கட்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுத்தொகையும் நம் தலையில் விழலாம். ஜெயித்தாலும் மேல்முறையீடு, தீர்ப்பை நிறைவேற்றும் மனு என்று இழுக்கலாம். இதையெல்லாம் கட்சிக்காரரிடம், அதாவது என்னிடம் வழக்கை ஒப்படைத்தவரிடம், பேசி, எந்தத் தொகைக்குக் கீழே இறங்குவதில்லை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். பேச்சு சூடான பிறகு கோபம்தான் முடிவெடுக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு மலையிலிருந்து வந்தது. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவது என்று அடிவாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். மேலே போனபின் களைப்பும் ஆசையும் சேர்ந்து “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லும்.

கேள்வி: அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. சுமாராக 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். 10 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். ஓய்வு, மோசமான பாதை, சுமை எதுவும் இதில் சேராது. அதற்குத் தாராளமாகவே கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கேள்வி: உயரமான மலைகளுக்கு?

பதில்: 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள்; அதிகமானால் உடனே இறங்குங்கள்.

கேள்வி: நடக்கும்போது வழக்கு பற்றிப் பேசுவீர்களா?

பதில்: மாட்டேன். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை மலையிலும் உண்டு. பெயரைச் சொல்லாவிட்டாலும், விவரம் தெரிந்தவர் யாரென்று ஊகித்துவிடுவார்.