கல்லூரி மாணவர்களுக்குச் சாலை விதிகள் தெரிவதில்லையா, தெரிந்தும் பின்பற்றுவதில்லையா?

நன்றாகவே தெரியும். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். எந்தப் பையனைக் கேட்டாலும் ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் என்று ஒப்பிப்பான். சாலைப் பாதுகாப்பு என்றால் அவர்களுக்கு அபராதம்தான் நினைவுக்கு வருகிறது. போலீஸ் நிற்கும் சிக்னல் வரை தலையில் இருக்கும் ஹெல்மெட், தாண்டியதும் பெட்ரோல் டேங்க் மேல் வந்துவிடும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, பின்னால் உட்காருபவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்தே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் லிஃப்ட் கேட்டு ஏறும் நண்பனிடம் ஏது ஹெல்மெட்? மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

என் வகுப்பில் இரண்டு பேர் ஒரு நாள் சாயங்காலம் டீ குடிக்கக் கிளம்பினார்கள். கடை 2 கிலோமீட்டர்கூட இருக்காது. நாய் குறுக்கே வந்து வண்டி சாய்ந்தது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான், முழங்கையில் சிராய்ப்போடு எழுந்துவிட்டான். பின்னால் இருந்தவனுக்கு மண்டைக்குள் ரத்தக்கட்டு, அறுவை சிகிச்சை. ஒரு வருடம் கழித்துத்தான் வகுப்புக்குத் திரும்பினான். போர்டில் எழுதியதை நோட்டில் எடுப்பதற்குள் பாதி மறந்துவிடும், மறுபடி நிமிர்ந்து பார்ப்பான். அதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவது எனக்குச் சுலபமாக இல்லை.

போடுகிறவர்களிலும் பலர் தாடைப் பட்டியை மாட்டுவதில்லை. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கித்தான் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. பட்டி இல்லையென்றால் தலை தரையில் படுவதற்கு முன்பே அது கழன்று ஓடிவிடும். ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும், நசுங்கிய உள்பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் ராங் சைடு. எங்கள் கல்லூரி நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. முறையாகத் திரும்ப வேண்டுமென்றால் யு-டர்ன் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். "பக்கத்துலதானுங்க சார், ஓரமா போயிருவேன்" என்பார்கள். நீ 40இல் போகிறாய், எதிரே லாரி 60இல் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் குறைகிறது என்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 60இல் ஓட்டும்போது 2 விநாடி மொபைலைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும். ஏறத்தாழ மூன்று பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு.

சட்டத்தில் மாணவர்களுக்கு உண்மையாகவே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்று இன்றும் பயப்படுகிறார்கள். 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். யாராவது விழுந்து கிடந்தால் வீடியோ எடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பேரணி, உறுதிமொழி எல்லாம் நடத்திப் பார்த்துவிட்டோம், மறுநாள் எதுவும் மாறவில்லை. இப்போது கேட்டில் செக்யூரிட்டி அறையில் 20 ஹெல்மெட் வைத்திருக்கிறோம். பின்னால் ஏறுபவர் ரிஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், காலையில் திருப்பித் தர வேண்டும். அடுத்தவர் போட்டது, தலைமுடி கெட்டுவிடும் என்று பெண்கள் முதலில் தயங்கினார்கள். உள்ளே போட்டுக்கொள்ளத் துணித்தொப்பி வைத்ததும் எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்தது, அன்று டீ குடிக்க வண்டி ஓட்டிப் போன பையன்தான்.