மேப்பிள் சாறு இறக்க பம்ப் வேணாம், சரிவு போதும்

ஒன்டாரியோல சரிவான காடு வச்சிருக்கிற ஒருத்தர் கேட்டிருக்கார்: 25 சுகர் மேப்பிள் (சிரப் காய்ச்ச சாறு எடுக்கிற மரம்) இருக்கு, சாறு வாளி தூக்கியே இடுப்பு போச்சு, டியூப் போட்டா 5/16 இஞ்ச்சா 3/16 இஞ்ச்சா, பம்ப் வேணுமா, கீழ இருக்கிற கடைசி மரத்துல இருந்து டேங்குக்கு 15 அடி இறக்கம் இருக்கு.

பம்ப் வேணவே வேணாம், 3/16 வாங்குங்க. 5/16ல சாறு அடியில ஓடும், காத்து மேல தனியா போயிடும், அதனால அது வெறும் பைப் மாதிரிதான் வேலை செய்யும். 3/16ல துவாரம் ரொம்ப சின்னது, காத்துக்குமிழி சாறைத் தாண்டிப் போக முடியாது, டியூப் முழுக்க சாறு நிறைஞ்சு இறங்கும்போது அதோட எடையே மேல இருக்கிற சாறையும் சேத்து இழுக்கும், கேன்ல இருந்து டியூப் விட்டு டீசல் இறக்குவோமே அதே கதைதான். அமெரிக்காவுல வெர்மான்ட் பல்கலைக்கழகத்துல டிம் வில்மாட்ங்கிறவர் இதை சோதிச்சுக் காட்டின பிறகுதான் சின்ன அளவுல செய்றவங்க நிறைய பேர் இதுக்கு வந்தாங்க. ஒரு அடி இறக்கத்துக்கு பாதரச அளவுல சுமார் 0.88 இஞ்ச் வெற்றிடம், அதாவது மரத்துல இருந்து சாறை உறிஞ்சுற இழுவை, கிடைக்கும். உங்க 15 அடிக்கு கடைசி மரத்துலயே 13 இஞ்ச் வந்துடும், மேல இருக்கிற மரங்களுக்கு இன்னும் அதிகம். அதனால டேங்கை முடிஞ்ச அளவு கீழ வைங்க, அங்கிருந்து சாறைத் திரும்ப மேல ஏத்துறது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா இறக்கம் மரத்துக்குக் கீழ இருந்தாதான் எல்லா மரத்துக்கும் பலன்.

25 டேப்பும் (மரத்துல சாறு எடுக்கிற ஓட்டை) ஒரே லைன்ல தாங்கும். உச்சி மரத்துல கட்டி, மரத்துக்கு மரம் இடம் வலமா வெளிப்பக்கம் ஒட்டி வளைச்சு இழுத்துக்கிட்டே இறங்குங்க, அந்த வளைவுதான் டியூப்பை விறைப்பா பிடிச்சுக்கும். எங்கயும் தொய்வு கூடாது, தொய்ஞ்ச இடத்துல சாறு தேங்கி ராத்திரி உறைஞ்சுக்கும், காலையில மத்த இடம் ஓடத் தயாரா இருந்தும் அந்த ஒரு இடம் இளகுற வரை லைனே நிக்கும். மரத்துல இருந்து லைனுக்கு வர்ற துண்டு டியூப் 30 இஞ்ச்சாவது விடுங்க, அப்பதான் அடுத்தடுத்த வருஷம் பழைய ஓட்டையை விட்டுத் தள்ளி புது இடத்துல போட முடியும். ஓட்டை 5/16 இஞ்ச் ட்ரில் பிட்டால, ஒன்றரை இஞ்ச் ஆழம், லேசா மேல் நோக்கி. 10 இஞ்ச்சுக்கும் குறைவான குறுக்களவு மரத்தை தயவுசெஞ்சு தொடாதீங்க.

சாறு ஓடுற நாள்ல லைன் கூடவே நடங்க. குமிழி மெதுவா நகர்ந்தா அது மரத்தோட வாயு, சும்மா விடுங்க, சரசரன்னு ஓடினா மேல எங்கயோ காத்து புகுது, பாதி நேரம் அணில் கடிச்ச இடமா இருக்கும்.

3/16ல ஒரே தொந்தரவு அடைப்பு. துண்டு டியூப் லைன்ல சேர்ற டீ (T) இணைப்புக்குள்ள பிசுபிசுன்னு பாக்டீரியா, ஈஸ்ட் படிஞ்சு அடுத்த வருஷம் சாறு குறையும், அதனால மர ஓட்டையில சொருகுற ஸ்பவுட்டை வருஷா வருஷம் மாத்துங்க, சீசன் முடிஞ்சதும் கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஓட்டி நல்லா அலசுங்க. வீட்டு ப்ளீச் வேணாம், அதுல சோடியம் இருக்கு, அந்த உப்பு ருசிக்கே அணில் வந்து டியூப்பை கடிக்கும். மொட்டு வீங்க ஆரம்பிச்சதும் சாறு ருசி கெட்டுடும், அன்னைக்கே ஸ்பவுட் எல்லாத்தையும் உருவிடுங்க, ஓட்டை தானா மூடிக்கும், எதையும் வச்சு அடைக்காதீங்க.