கேளுங்கள், சொல்கிறேன்: எண் ஒன்றுதான், மருந்து வேறு

கேள்வி: .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளில் நானே வெடிமருந்து நிரப்பப் பழகுகிறேன். கையேட்டில் நான் குறித்து வைத்திருப்பது ஐஎம்ஆர் 4895 என்ற மருந்து. கிடைப்பதோ எச்4895. எரிவேகப் பட்டியலில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. அதே எடையில் போடலாமா? இல்லை, வேறு நல்ல மருந்து உண்டா?

பதில்: தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு மருந்துகள். எது முந்தி எரியும், எது பிந்தி எரியும் என்கிற வரிசையைத்தான் பட்டியல் சொல்கிறது. அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அதில் இருக்காது. உறையும் குண்டின் எடையும் மாறினால் அந்த வரிசையே முன்பின்னாகலாம். எச்4895க்கென்று, உங்கள் குண்டுக்கென்று அச்சிட்ட அளவைத் தேடி எடுங்கள். அதிலும் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

சரி, எது நல்லது? .308க்கு 4895, 4064, வார்கெட் ஆகிய மருந்துகள் மூன்றுமே பொருந்தும். 4350 இன்னும் மெதுவானது. .30-06, 6.5 கிரீட்மூர் போன்ற தோட்டா வகைகளில்தான் அது நன்றாக வேலை செய்யும். நான் முதலில் பார்ப்பது, உரிய அளவு போட்டதும் உறை எவ்வளவு நிரம்புகிறது என்பதை. உறையை ஏறக்குறைய நிரப்பும் மருந்தை மறதியாக இரண்டு முறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வேகமான மருந்து அடியில் கொஞ்சமாகக் கிடக்கும்; இரட்டை அளவு விழுந்தாலும் கண்ணுக்குத் தப்பலாம். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

அப்புறம் மணிகளின் வடிவம். 4064 நீளமான குச்சி மணி. மருந்தை அளந்து கொட்டும் அளவியின் கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் ஒரு தடங்கல், ‘நறுக்’கென்று ஒரு குச்சி வெட்டுப்படும், அந்த முறை விழுந்த எடை முன்னே பின்னே இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். உருண்டை மணி மருந்து தண்ணீர்போல் இறங்கும், எடையும் சீராக இருக்கும். ஆனால் அந்த வகையில் பல வெப்பநிலைக்குச் சற்று அதிகமாக ஆட்டம் காட்டும். கடும் வெயிலிலும் குளிரிலும் சுடுபவர் என்றால் வார்கெட்டைப் பாருங்கள். அது வெப்பநிலை மாற்றத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது.

எதை வாங்கினாலும் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. புது டப்பாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறியிருந்தால் அளவைக் குறைத்து மறுபடி மேலே வாருங்கள்.

கேள்வி: பழைய டப்பா ஒன்று இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமில நெடி, செம்பழுப்பு ஆவி, துருப்பொடி போன்ற தூள், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது கெட்டுவிட்டது. அப்புறப்படுத்துங்கள். மூல டப்பாவில் இல்லாமல் பெயர்ச்சீட்டும் இல்லாமல் இருந்தால், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.