வெவ்வேறு வகைகளில், வெவ்வேறு வயதினருக்குப் பிடிக்கும் புத்தகங்களை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றும், பார்வை மங்கத் தொடங்கிய பெரியவர் ஒருவரும், படிக்க ஆசை இருந்தும் எதை எடுப்பது என்று தயங்கும் நீங்களும் இருக்கிறீர்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். புத்தகக் காட்சியிலிருந்து கை வலிக்கச் சுமந்து வந்தவற்றில் பாதி இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கவும் கூடும். இப்படிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது: சாவதற்குள் படித்தே தீர வேண்டிய நூறு புத்தகங்கள், பத்து வயதுக்குள் படித்திருக்க வேண்டிய ஐம்பது புத்தகங்கள். பட்டியல் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போட்டவருக்கு எவை பிடித்தன என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் பிடித்ததைக் கண்டுபிடிக்க, வயதுவாரியாகவும் வகைவாரியாகவும் பிரித்து வைத்த புத்தகங்களைக் கலந்து கைக்கு எட்டும் இடத்தில் பரப்பிவைத்துவிட்டு, யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதே நான் அறிந்த வழி.

நான் எழுத்தாளரும் இல்லை, பயிற்சி பெற்ற நூலகரும் இல்லை. அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. எங்களைப் போன்ற பள்ளிகளில் நூலகருக்கென்று பணியிடம் இல்லாததால், நூலகப் பொறுப்பு யாராவது ஓர் ஆசிரியர் தலையில் கூடுதல் வேலையாக வந்து விழும். ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் அது என் தலையில் விழுந்தது. நூலகம் என்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை இரண்டு இரும்பு பீரோக்கள், ஒரு சாவிக்கொத்து, ஓர் இருப்புப் பதிவேடு. பீரோவைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பல புத்தகங்களின் பக்கங்கள் அச்சகத்தில் வெட்டியபோது ஒட்டிக்கொண்டபடியே இருந்தன. அவற்றைப் பூட்டி வைத்தவர்களைப் பழிப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. கணக்கு ஒப்படைக்கும் நாளில் ஒரு புத்தகம் குறைந்தாலும் அதன் விலையைப் பொறுப்பாசிரியர்தான் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கும்போது, சம்பளக்காரர் யாரும் பூட்டத்தான் செய்வார். பிள்ளைகள் படிப்பதற்காக வாங்கிய பொருளைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவதே ஆசிரியரின் கடமை என்று ஆக்கி வைத்திருக்கும் இந்த நடைமுறையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

உணவு இடைவேளையில் தாழ்வாரத்தில் நான்கு பெஞ்சுகளை இழுத்துப் போட்டுப் புத்தகங்களைப் பரப்பினேன். ஆறாம் வகுப்புக்கு இவை, பத்தாம் வகுப்புக்கு இவை என்று பிரித்து அடுக்குவதற்கு நேரம் இல்லாததால் எல்லாம் கலந்தே கிடந்தன. நடந்தது நான் எண்ணியதற்கு நேர்மாறாக இருந்தது. மீசை அரும்பத் தொடங்கிய ஒன்பதாம் வகுப்புப் பையன்கள், பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமும் உள்ள சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாம்புகளைப் பற்றிய தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி விரியனின் படத்தின் மேல் விரலை வைத்து அதன் முதுகிலுள்ள வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். சத்துணவுக் கூடத்துச் சமையல் அக்கா, கையைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகு, ஒரு நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா டீச்சர், இல்லை பிள்ளைகளுக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். விதிப்படி பிள்ளைகளுக்கு மட்டும்தான். நான் என் பெயரில் எழுதிக் கொடுத்தேன்.

எதை யார் எடுப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் இவர்களில் ஒருவருக்கும் அந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. இது என் கண்டுபிடிப்பு அன்று. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவது சொன்னதைக் கவனியுங்கள். புத்தகமும் தனக்கான ஆளைத் தேடுகிறது. அதற்கு அது பூட்டில்லாத திறந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன்பு அவர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதைச் சக ஆசிரியர்களிடம் சொல்லிக்காட்டும் வாய்ப்பை நான் தவறவிடுவதில்லை.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் "8 முதல் 10 வயது வரை" என்று அச்சிட்டிருப்பது கடைக்காரர் அடுக்குவதற்கும் பெற்றோர் பரிசு வாங்குவதற்கும் வசதியான குறிப்பு, அவ்வளவே. படிக்கும் வேகமும் பழக்கமும் பிறந்த தேதியைப் பின்பற்றி வருவதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு முடிவுதான்: அதன் மெல்லிய புத்தகங்களை வகுப்பு எண்ணிட்டுப் பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று படிப்புத் திறனை வைத்துப் பிரித்தார்கள். "நுழை" புத்தகத்தை எடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் எழுதியிருக்காது. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் கதைகளை நிலைகளாகத்தான் பிரித்திருக்கிறார்கள். தமிழ்க் கதைகள் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு எந்த நிலை என்று தெரியாவிட்டால் கீழ்நிலையிலிருந்து தொடங்குங்கள். மேலே போவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். என் அப்பா வாழ்நாள் முழுவதும் நாளிதழைத் தவிர வேறெதையும் தொட்டவர் இல்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு நாளிதழின் எழுத்தும் பொடியாகிப்போக, நான் பள்ளியிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த சிறுவர் கதைப் புத்தகத்தை, எழுத்து பெரிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தார். இரண்டு நாளில் அதற்கு மறுப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்: "எங்க ஊர்ல இந்தக் கதையில நரி கிடையாது, கீரிப்பிள்ளைதான் வரும், இவங்க மாத்திட்டாங்க." அவருக்குக் கதை பிடிக்கிறது, அதிலும் தமக்குத் தெரிந்த கதையின் மாற்று வடிவம் பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கரிசல் வட்டார நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்றைக் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். அதில் எழுத்து சிறியதுதான். பூதக்கண்ணாடி வாங்கி வரச் சொல்லிப் படித்தார். எழுபது வயதுக்காரருக்கு ஏற்ற நூல்கள் என்று தேடியிருந்தால் எனக்கு ஆன்மிகமும் சர்க்கரை நோயும்தான் கிடைத்திருக்கும்.

வகை விட்டு வகை தாவுவதற்கு நான் கண்ட பாலம், புத்தகத்துக்குள்ளேயே வேறு புத்தகங்களைப் பற்றி வரும் பேச்சு. எங்கள் பீரோவில் ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் யா. பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' இருந்தது; சோவியத் காலத்தில் மாஸ்கோவின் மீர் பதிப்பகம் தமிழில் வெளியிட்டது. அதில் பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்னின் கதையில் வரும் மனிதர்கள் பீரங்கிக் குண்டுக்குள் ஏறி நிலவுக்குக் கிளம்புவதை எடுத்துக்கொண்டு, குழலுக்குள் குண்டு வேகம் பிடிக்கும் அந்த நொடியிலேயே அவர்கள் நசுங்கிப்போவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். கணக்கில் தேர்ச்சி பெறவே திணறும் ஒரு பையன் அந்தப் பக்கத்தை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து, "அப்போ கதையில மட்டும் எப்படி டீச்சர் பொழைச்சாங்க?" என்று கேட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது இயற்பியலில் அடுத்த புத்தகம் இல்லை, அந்தக் கதை. தமிழில் சுருக்கமாக வந்த வெர்ன் கதை ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். அதை முடித்துவிட்டுக் கடல் பயணம் பற்றி ஏதாவது உண்டா என்றான். அறிவியல், புனைகதை, பயணம் என்று மூன்று பலகைகளைத் தாண்டியதை அவன் கவனிக்கவே இல்லை. ஆகவே ஒரு புத்தகம் பிடித்திருந்தால், அதே ஆசிரியரின் அடுத்த நூலுக்கு ஓடுவதற்கு முன், அதற்குள் எந்த நூல், எந்த ஊர், எந்த மனிதர் பேசப்படுகிறார் என்று பாருங்கள்.

இன்னொரு வழி மொழிபெயர்ப்பாளரின் பெயர். தமிழ் வாசகர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. பல பதிப்பகங்கள் அந்தப் பெயரை அட்டையில் போடாமல் உள்ளே எங்கோ பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதும் ஒரு காரணம். யூமா வாசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ. வி. விஜயனின் மலையாள நாவலைக் 'கசாக்கின் இதிகாசம்' என்று தமிழாக்கி, 2017ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். அவரே மலையாளத்திலிருந்து குழந்தைகளுக்கான புத்தகங்களையும் நிறையக் கொண்டுவந்திருக்கிறார். 'தன்வியின் பிறந்தநாள்' என்ற அவருடைய சொந்தக் கதைத் தொகுப்புக்கு 2024இல் அதே அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்ய புரஸ்காரும் கிடைத்தது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடினால் உங்களுக்கும் உங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே நாளில் புத்தகம் அகப்படும். நல்ல மொழிபெயர்ப்பாளர், மாதக்கணக்கில் தாம் உடன் வாழச் சம்மதித்த புத்தகங்களைத்தான் உங்களிடம் தருகிறார். எந்த மதிப்புரையையும்விட இந்தத் தேர்வை நான் அதிகம் நம்புகிறேன்.

"அப்படியானால் தரம் என்று ஒன்று இல்லையா, காமிக்ஸும் துப்பறியும் கதையும் படித்தால் போதுமா?" என்று கேட்க இந்நேரம் சிலர் தயாராகியிருப்பார்கள். தரம் உண்டு, நானும் பார்க்கிறேன். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி ரசித்துப் படிக்கும் புத்தகங்களைப் பற்றியது. 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸை அந்நாளில் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்து அடி வாங்கியவர்கள், இன்று தலை நரைத்தபின் அதே கதைகளின் மறுபதிப்பை வெளிப்படையாகப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களில் சிலரைத் தீவிர நாவல்களின் வாசகர்களாகவும் நான் அறிவேன். ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் பள்ளியிலும் ஒரு சமூக அறிவியல் ஆசிரியர், பெஞ்சிலிருந்து துப்பறியும் கதையை எடுத்து வருகைப் பதிவேட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போவார். அவர் ஏன் ஒளிக்க வேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

கையில் எடுத்த புத்தகம் உங்களுக்கானதா என்று பார்க்க, பின்னட்டையைப் படிக்காதீர்கள். அங்கே எல்லாப் புத்தகமும் "தவிர்க்க முடியாத வரவு"தான். அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை அனைத்தையும் தாண்டி, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படியுங்கள். அந்தப் பக்கத்தில் யார் யாரென்று புரியாவிட்டாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை போனால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனபின் பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடுங்கள். பிள்ளைகளும் விடட்டும்.

காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பாதியில் விட மனம் வராது; ஆகவே முதலில் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இப்போது அது சொத்து வரியில் 10 விழுக்காடு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். உங்கள் பணத்தில் வாங்கிய புத்தகங்கள்தான் அங்கே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நூலகர் எடுத்து நீட்டுவதோடு திருப்தி அடையாமல், நேற்று திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாமல் மேசையில் கிடக்கும் புத்தகங்களை முதலில் பாருங்கள். உங்கள் ஊரில் உண்மையிலேயே படிக்கப்படுபவை அவைதாம். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர் என்றால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களுக்குப் பெருந்துணை.

பெஞ்சு நூலகத்தின் முடிவைக் கேட்பீர்கள். ஆண்டிறுதியில் பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தபோது சில புத்தகங்கள் குறைந்தன. எதிர்பார்த்ததுதான், விலையை என் கைப்பணத்திலிருந்து கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். காணாமல் போனவற்றின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது, கதைப் புத்தகங்கள் ஒன்றிரண்டே இருந்தன. மற்றவை பாம்பு, கோழி வளர்ப்பு, மோட்டார் பழுதுபார்த்தல், கோலம். ஒரு பிள்ளை திருடும் அளவுக்கு ஆசைப்பட்ட புத்தகங்கள் என்று அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, அடுத்து மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் போனபோது அதைப் பார்த்தே வாங்கினேன். பாம்புப் புத்தகத்தில் மட்டும் இரண்டு படிகள்.