குட்டி யானைல ஆந்திரா போக பெர்மிட் வேணுமா?

புது வண்ணாரப்பேட்டைல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. செகண்ட் ஹேண்ட்ல டாடா ஏஸ் எடுத்து காசிமேட்டுல மீன் பாக்ஸ் ஏத்திட்டு கும்மிடிப்பூண்டி போறாரு, சில நாள் தடா தாண்டி சூளூர்பேட்டை வரைக்கும். புரோக்கர் பெர்மிட் இல்லன்னா வண்டிய புடிச்சிடுவாங்கன்னு பணம் கேக்குறாராம், ஸ்டாண்டுல இன்னொருத்தர் பெர்மிட் விஷயத்த பாத்துக்கிட்டிருந்த கமிஷன் ஆபீஸையே எப்பவோ எடுத்துட்டாங்க, இப்ப யாருக்குமே பெர்மிட் கிடையாதுங்குறாராம்.

ரெண்டு பேர் சொல்றதும் தப்பு.

ஸ்டாண்டுல பேசிக்கிறது இன்டர்-ஸ்டேட் டிரான்ஸ்போர்ட் கமிஷன். 1939 மோட்டார் வாகன சட்டத்துல 1956ல திருத்தம் போட்டு கொண்டு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் ஓடுற வண்டிங்க விஷயத்துல தகராறு வந்தா தீர்க்குறது, பெர்மிட் பத்தி மாநில அதிகாரிங்களுக்கு உத்தரவு போடுறது அதோட வேலை. 1989 ஜூலை 1ல புது சட்டம் அமலுக்கு வந்தப்ப பழைய சட்டத்தோட சேர்ந்து அதுவும் போச்சு. போனது நல்லதுதான், மாநிலங்களே நேரா ஒப்பந்தம் போட்டுக்கலாம், நேஷனல் பெர்மிட் இருக்கு, நடுவுல இன்னொரு ஆபீஸ் எதுக்கு? ஆனா போனது கமிஷன் மட்டும்தான், பெர்மிட் அப்படியேதான் இருக்கு. பெர்மிட் இல்லாம பெரிய வண்டி ஓட்டுனா 10,000 ரூபா ஃபைன், ஜெயிலும் உண்டு.

உங்களுக்கு பெர்மிட் வேணாங்குறதுக்கு காரணமே வேற. இப்ப இருக்குற மோட்டார் வாகன சட்டத்தோட 66வது பிரிவுலயே மொத்த எடை 3,000 கிலோவ தாண்டாத சரக்கு வண்டிக்கு விலக்கு இருக்கு. ஆர்.சி.ய எடுத்து பாருங்க, ரெண்டு எடை போட்டிருக்கும். அன்லேடன் வெயிட்டுங்குறது வெறும் வண்டியோட எடை, நெறய பேர் அத பாத்துட்டுதான் ஏமாறுறாங்க, நீங்க பாக்க வேண்டியது லேடன் வெயிட், சில ஆர்.சி.ல ஜி.வி.டபிள்யூன்னு இருக்கும். ஏஸ் தாராளமா 3,000க்குள்ள வந்துடும். பொலேரோ பிக்கப்னா மாடலுக்கு மாடல் மாறும், டாடா 407னா கண்டிப்பா பெர்மிட் எடுத்தே ஆகணும்.

அதுக்காக ஐஸும் மீனுமா அள்ளி அடைச்சிடாதீங்க. ஓவர்லோடு கேஸ் தனி, 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

எஃப்.சி., அதாவது வண்டி ஓட்ட லாயக்குன்னு தர்ற சர்டிஃபிகேட், கட்டாயம், வண்டிக்கு 8 வருஷம் ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, அப்புறம் வருஷா வருஷம். லைசென்ஸ் எல்.எம்.வி. (லைட் மோட்டார் வெஹிக்கிள்) போதும், 7,500 கிலோ வரைக்கும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் உறுதியா சொல்லிடுச்சு, பேட்ஜ் இல்லன்னு யாராவது மெரட்டுனா பயப்படாதீங்க. ஆந்திராவுக்குள்ள போறதுக்கு டாக்ஸ் வருமாங்குறது பெர்மிட்டோட சேராத கணக்கு, அரசாங்கத்தோட பரிவாகன் சைட்டுல உங்க வண்டி நம்பர் போட்டு பாத்து, வந்தா அங்கயே கட்டி ரசீத வண்டில வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்கவே இல்ல, ஆனா செகண்ட் ஹேண்ட் வண்டிங்குறதால சொல்றேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்ல இருந்தா புரோக்கர்கிட்ட பெர்மிட் பத்தி பேசுறத விட்டுட்டு மொதல்ல அத மாத்துங்க, வாங்குனவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.ல சொல்லியாகணும், இன்சூரன்ஸையும் சேர்த்தே உங்க பேருக்கு மாத்திடுங்க.