கேள்வி-பதில்: போகாத 97 பேருக்கு என்ன சொல்லித் தர்றது?

கேள்வி: வணக்கம் மேடம், அடுத்த செமஸ்டர்ல மாஸ்டர்ஸ் பசங்களுக்கு 'கல்வியைச் சர்வதேசமயமாக்குதல்'னு ஒரு பேப்பர் என் தலையில விழுந்திருக்கு. நான் இதுவரைக்கும் பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த கலீக் ஒருத்தர் "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு"ன்னு சிரிக்கிறார். பழைய சிலபஸப் பாத்தா எக்ஸ்சேஞ்ச், ஸ்காலர்ஷிப், ரேங்கிங்னே போகுது. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: பாஸ்போர்ட் இல்லாதது நல்லதாப் போச்சுன்னுதான் நான் சொல்லுவேன். உலகம் முழுக்க காலேஜ் படிக்கிறவங்கள்ல நூத்துக்கு மூணு பேர்கூட வேற நாட்டுக்குப் போய்ப் படிக்கிறதில்ல, ஆனா நம்ம சிலபஸ் எல்லாம் அந்த மூணு பேருக்காகவே எழுதின மாதிரி இருக்கும், மிச்சம் 97 பேரு உக்காந்து கொட்டாவி விடுவாங்க. முதல் கிளாஸ்லயே இந்தக் கணக்க போர்டுல எழுதிட்டு "அப்ப மத்தவங்களுக்கு இதுல என்ன இருக்கு"ன்னு கேட்டுடுங்க, செமஸ்டர் பூரா அந்தக் கேள்விய விட்டுடாதீங்க.

அடுத்ததா ஸ்வீடன்ல மால்மோங்கற ஊரோட கதை. 1998-ல ஆரம்பிச்ச புது யூனிவர்சிட்டி, பசங்கள வெளிய அனுப்பறதுக்கு அவங்ககிட்ட தொடர்பே கிடையாது. ஆனா ஊருக்குள்ளயே பல நாட்டுலருந்து வந்து குடியேறினவங்க நிறைய. அங்க இருந்த பெங்க்ட் நில்சன்ங்கறவர்தான் சரி, வீட்டுல இருந்தபடியே, அதாவது வெளிநாட்டுக்குப் போகாம நம்ம காலேஜ்லயே சர்வதேசமயமாக்குவோம்னு பேச ஆரம்பிச்சார், இன்னைக்கு இந்தத் துறையில பாதிப் பேச்சு அதப் பத்திதான். கலீக் மறுபடியும் சிரிச்சா இந்தக் கதையச் சொல்லுங்க.

டெஃபனிஷன் இல்லாம பேப்பர் நடத்த முடியாது, தெரியும். ஜேன் நைட்ங்கற கல்வி ஆராய்ச்சியாளர் 2003-ல சொன்னத எல்லாரும் மனப்பாடம் பண்ண வைப்பாங்க. உயர்கல்வியோட நோக்கம், வேலை, கத்துக்கொடுக்கிற விதம் இதுக்குள்ள சர்வதேச, கலாச்சாரங்களுக்கு இடையிலான பார்வையக் கொண்டு வர்ற 'ப்ராசஸ்'ங்கறாங்க அவங்க. 2015-ல ஹான்ஸ் டி விட்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் அத எடுத்து, இது தானா நடக்கிறதில்ல, வேணும்னு திட்டம் போட்டு செய்யறது, அதுவும் எல்லா மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தரம் கூடணும்னு சேத்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எந்த வார்த்தை புதுசு, ஏன் வந்துச்சுன்னு பசங்களே கண்டுபிடிக்கட்டும், ஒரு மணி நேரம் சும்மா ஓடிரும். ஐரோப்பாவுக்குள்ள மாணவர்கள வேற நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிற எராஸ்மஸ் திட்டம் 1987-ல 11 நாடு, 3,244 மாணவர்களோட ஆரம்பிச்சது, 1999-ல 29 ஐரோப்பிய நாடுங்க டிகிரி முறைய ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி ஆக்கறோம்னு இத்தாலியில போலோன்யாவுல கையெழுத்துப் போட்டது இதெல்லாம் ஒரே வாரத்துல முடிச்சுடுங்க, வரலாறுன்னு நாலு வாரம் இழுக்காதீங்க.

அசைன்மென்ட்டுக்கு நான் ஒண்ணுதான் சொல்லுவேன், அவங்க டிகிரில படிச்ச ஒரு பேப்பரோட ரீடிங் லிஸ்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எழுதினவங்க எல்லாம் எந்த நாட்டுக்காரங்க, எந்த மொழியில எழுதினாங்கன்னு எண்ணச் சொல்லுங்க. எண்ணி முடிச்சதும் கிளாஸ் கொஞ்ச நேரம் அமைதியாயிடும்.

கேள்வி: எம்.ஏ. மாணவன் மேடம். வெளிநாட்டு யூனிவர்சிட்டி வேற நாட்டுல கேம்பஸ் திறக்கிறது நல்லதா கெட்டதான்னு பரீட்சையில கேக்கறாங்க, எந்தப் பக்கம் எழுதினா மார்க்?

பதில்: பக்கம் எடுக்காதீங்க தம்பி, மொதல்ல எது எல்லையத் தாண்டுதுன்னு பாருங்க. 1995-ல அமலுக்கு வந்த காட்ஸ் (GATS), அதாவது நாடுகளுக்கு இடையில சேவைகள வியாபாரம் பண்றதுக்கான ஒப்பந்தம், கல்வியையும் சர்வீஸ்னே வெச்சு நாலு வழி சொல்லுது: பாடம் தாண்டலாம், மாணவர் தாண்டலாம், நிறுவனம் தாண்டலாம், ஆசிரியர் தாண்டலாம். அப்புறம் சிங்கப்பூர் யேல்-என்யுஎஸ் காலேஜ உதாரணமா எடுங்க. அதக் கேம்பஸ்னு எழுதிடாதீங்க, அமெரிக்காவோட யேலும் சிங்கப்பூர் தேசிய யூனிவர்சிட்டியும் (என்யுஎஸ்) சேந்து நடத்தின காலேஜ். 2013-ல முதல் பேட்ச் வந்தது, 2021-லயே மூடப் போறோம்னு அறிவிப்பு, 2025-ல கடைசி பேட்ச் படிச்சு முடிச்சு வெளிய போனது. மூடறதுன்னு யார் முடிவெடுத்தாங்க, படிச்சுட்டிருந்த பசங்ககிட்ட எப்ப சொன்னாங்க, இத ஆராய்ஞ்சு எழுதினா நல்லது கெட்டதுன்னு தனியா எழுதத் தேவையில்ல.

கேள்வி: வேற நாட்டு கிளாஸோட சேந்து ஆன்லைன்ல நடத்தலாம்னு ஆசை. ஒர்க் அவுட் ஆகுமா?

பதில்: ஆகும், ஆனா செமஸ்டர் முழுக்க வேண்டாம். அவங்க லீவும் நம்ம பரீட்சையும் மோதாத மூணு நாலு வாரம் பாத்து எடுங்க. நேர வித்தியாசம் இருக்கறதால எல்லாரையும் ஒரே நேரத்துல ஸ்க்ரீன்ல உக்கார வெக்கிறது ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல நடக்காது, மிச்சத்த அவங்கவங்க நேரத்துல எழுதிப் போடற மாதிரி வைங்க. லெக்சர் வேண்டவே வேண்டாம், ரெண்டு பக்கமும் கலந்து சின்னச் சின்ன குரூப், ஆளுக்கொரு வேலை. இங்கிலீஷ் நல்லா வர்றவங்க மட்டும் பேசிட்டு மத்தவங்க வாயே திறக்காம இருப்பாங்க, அதனால முதல் வாரம் எழுத்துலயே போகட்டும். மார்க் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெக்கணும்னு அந்த டீச்சர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க, ஒரு பக்கம் மார்க் இருந்து இன்னொரு பக்கம் இல்லன்னா ரெண்டாவது வாரமே அந்தப் பக்கம் ஆள் காணாமப் போயிடும்.